கடப்படியில் படுத்திருந்த ஜிம்மி

விடியற்காலை சுபஹுத் தொழுகைக்கு பாங்கு சொல்லி முடிந்துவிட்டது. எங்கள் வீடுகளுக்கு நடுவே போகிற ஒழுங்கை முழுக்க முதல் நாள் மழையின் தண்ணீர். ஒரு கையால் சாரனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையில் குடையோடு நின்றேன். மழை எப்போதோ விட்டுவிட்டது. குடை நாய்க்காக.

கொஞ்சம் தள்ளி, ஒழுங்கை வாயில் இருக்கிற கனகனின் வளவு வாசலில், கடப்படியில், அவருடைய நாய் ஜிம்மி நின்றது. செம்மண் நிறம், ஒரு காது மடிந்தது. குரைத்தால்கூட மனசுக்கு ஆறுதலாக இருக்கும். அது தொண்டைக்குள் உறுமிக்கொண்டு, மேல் உதட்டை மட்டும் தூக்கிப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது.

வாய்க்குள் ஓதத் தொடங்கினேன். குகைக்குள் தூங்கிய அந்த நல்ல மனிதர்களோடு ஒரு நாயும் இருந்ததே, அதைப் பற்றிக் குர்ஆனில் வருகிற ஆயத்து. அதை ஓதினால் நாய் கடிக்காது என்று எங்கள் பக்கத்தில் சின்ன வயதிலேயே பாடமாக்கித் தந்துவிடுவார்கள். ஓதிக்கொண்டே குடையை விரித்தேன். டப்பென்ற சத்தத்துக்கு நாய் ஓரடி பின்வாங்கியது. வேலியோடு ஒட்டிக்கொண்டு கடந்து போனேன்.

"ஆயத்துக்குப் பயந்ததா, குடைக்குப் பயந்ததா?" என்று என் மனைவி சுபைதா கேட்பாள்.

"ரெண்டும் அல்லாஹ் தந்ததுதான் புள்ள" என்பேன்.

அன்று பள்ளிவாசலில் வரிசையாக ஸஃப்பில் நின்றபோது என் நினைவெல்லாம் தொழுகையில் இல்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் என் பேத்தி ஸைனப் அதே வழியால்தான் ஓதப் போகவேண்டும்.

ஒழுங்கையின் வாயும் கடைசியும்

சந்தையில் இருந்த தேங்காய்க் கடையை மருமகனிடம் ஒப்படைத்த கதையைப் போன கிழமை இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். வீட்டை ஒப்படைத்தது அதற்கும் முந்திய கதை.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. மகளைக் கட்டிக் கொடுத்தால், இருந்த வீட்டை அவளுக்கு விட்டுவிட்டு தாயும் தகப்பனும் வேறு இடம் பார்த்துக்கொள்வோம். அதில் எங்களுக்கு மனக்குறை கிடையாது. அப்படித்தான் நானும் சுபைதாவும் கல்முனையில் இந்த ஒழுங்கைக்கு வந்தோம். ஒரு அறை, ஒரு குசினி, முன்னால் ஒரு மாமரம்.

ஒழுங்கையின் கடைசி வீடு எங்களுடையது. ஒழுங்கையின் வாயில் இருப்பது கனகனின் வீடு. யார் றோட்டுக்குப் போனாலும் அவருடைய கடப்பைத் தாண்டித்தான் போகவேண்டும். நடுவில் எல்லாம் எங்கள் ஆட்கள், முஸ்லிம்கள். கனகன் ஒருவர்தான் தமிழ் ஆள், கடல் தொழில். மனைவி குவைத்தில் வீட்டு வேலை. ஒரே மகள் விதுஷா பதினோராம் வகுப்பில், சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

நல்ல மனிதர். வலையில் சுறா பட்டால் எங்களுக்கென்று ஒரு துண்டைத் தனியாக எடுத்து வைத்திருப்பார். அந்த மீனை ஆணம் காய்ச்சித் தின்றுகொண்டே சுபைதா அவருடைய நாயைத் திட்டுவாள்.

ஸைனப்பின் தாய் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். தகப்பன் கடைக்குப் போய்விடுவார். அதனால் கிழமை நாட்களில் பிள்ளை எங்களோடு. விடிந்ததும் மத்ரசாவுக்குப் போய் ஓதிவிட்டு வந்துதான் பள்ளிக்கூடம். தலையை மூடுகிற அவளுடைய பெரிய வெள்ளை முந்தானை காற்றுக்குப் பறக்கும். பறக்கிற துணியைக் கண்டால் ஜிம்மிக்குப் பொறுக்காது.

ஒரு நாள் கனகனிடம் கேட்டேன். அண்ணன் என்ற முறையில் அவர் என்னைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"தம்பி, அந்த நாயக் கொஞ்சம் கட்டி வைங்களன். பேத்தி ஓதப் போற வழி."

"அது ஒண்டும் செய்யாது காக்கா. நீங்க ஓடாம நடந்து போங்க. ஓடினாத்தான் துரத்தும்."

"நான் எங்க தம்பி ஓடுற? என்ட முழங்கால் ஓட உடுதா?"

சிரித்தார். "சரி காக்கா, கட்டுறன்" என்றார்.

கட்டினார். பகலெல்லாம் கட்டித்தான் இருக்கும். விடியற்காலையில் பார்த்தால் அவிழ்ந்து நிற்கும். நாங்கள் பள்ளிவாசலுக்குப் போகிற நேரமும் பிள்ளை ஓதப் போகிற நேரமும்தான் அது.

"வேணுமெண்டே அவிழ்த்து உடுறாரு" என்றாள் சுபைதா.

"அப்பிடிச் சொல்லாத புள்ள."

"அப்ப ஏன் அந்த நேரத்துல மட்டும் அவிழுது? அந்தச் சங்கிலிக்கு மணி பார்க்கத் தெரியுமா?"

அவரிடமே போய்க் கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை.

பேத்தியோடு நானே துணைக்குப் போனேன். குடை, கம்பு, கையில் ரெண்டு கல். பிள்ளைக்கும் ஆயத்தைப் பாடமாக்கிக் கொடுத்தேன். அவள் அதைச் சத்தமாக, ராகம் போட்டு ஓதுவாள். ஒரு நாள் நடுவில் நிறுத்தி, "மூத்தப்பா, ஜிம்மிக்கு அரபு தெரியுமா?" என்று கேட்டாள்.

வாப்பாவின் வயல் நாய்

நாய் எங்களுக்குப் புதிதல்ல. சம்மாந்துறைப் பக்கம் வாப்பா வயல் செய்த காலத்தில் காவல் குடிசையில், வாடியில், ஒரு கறுப்பு நாய் இருந்தது. யானை வந்தால் முதலில் அதற்குத்தான் தெரியும். விதைப்பிலிருந்து சூடு அடித்து நெல்லைப் பிரிக்கும் வரைக்கும் வாப்பாவும் அதுவும்தான் வாடியில்.

வாப்பா அதைத் தொட்டது கிடையாது. ஆனால் தனக்குச் சோறு போடுமுன் அதற்கு ஒரு சிரட்டையில் போட்டுவிடுவார். "வயலுக்கும் ஆடு மாட்டுக்கும் காவலா நாய் வெச்சிக்கலாம், மார்க்கத்துல தடையில்ல" என்பார்.

அறுவடை முடிந்து மூட்டைகளோடு நாங்கள் ஊருக்குத் திரும்பும்போது வாய்க்கால் கட்டு வரைக்கும் பின்னால் வரும். அதற்கு இங்கால் வராது. நாங்களும் கூப்பிட்டதில்லை. கட்டிலே நின்று பார்த்துக்கொண்டிருக்கும். வண்டியில் இருந்து நான்தான் கழுத்தைத் திருப்பிக் கிறுகிக் கிறுகிப் பார்ப்பேன். வாப்பா பார்க்கமாட்டார்.

"யார்ட நாய்?"

நாய்களுக்குத் தடுப்பூசி போடுகிற வண்டி ஒரு நாள் எங்கள் ஒழுங்கைக்கு வந்தது. ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே வந்தார்கள். கனகன் வலை தைக்கக் கடற்கரைக்குப் போயிருந்தார். விதுஷா பள்ளிக்கூடத்தில். அன்று பார்த்து ஜிம்மி சங்கிலியை இழுத்துக்கொண்டு ஒழுங்கைக்கு வந்து நின்றது.

ஊசி போடுகிற தம்பி இறங்கி, "இது யார்ட நாய்?" என்று கேட்டார்.

எல்லாக் கடப்பிலும் ஆட்கள் நின்றோம்.

"நாங்க நாய் வளர்க்கிறல்ல தம்பி" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"அப்ப இது என்ன, ஆடா?"

எல்லோரும் சிரித்தோம். அந்தத் தம்பி சிரிக்கவில்லை. "சங்கிலியப் பிடிச்சுக் குடுத்தாப் போதும். ஊசிய நான் போடுறன்" என்றார்.

சங்கிலியின் நுனி என் காலடியில் கிடந்தது. லுஹர் தொழுகைக்குக் கைகால் கழுவி வுழு செய்துவிட்டு வந்து நின்றவன் நான். நாயின் எச்சில் பட்ட சங்கிலி, ஒழுங்கையெல்லாம் ஈரம், அந்த அசுத்தம், நஜீஸ் பட்டால் ஏழு தரம் கழுவவேண்டும், கூட்டாகத் தொழுகிற ஜமாஅத் தப்பிவிடும். இப்படி யோசித்துக்கொண்டு நிற்கும்போதே வண்டி பின்னால் எடுத்துப் போய்விட்டது.

கை நீட்டிப் பிடித்துக் கொடுத்திருந்தால் என்ன, போய்க் கழுவியிருக்கலாம். தண்ணீரும் இருந்தது, மண்ணும் இருந்தது.

மண்

ஊசி வண்டி வந்துபோய்க் கொஞ்ச நாளில், ஒரு காலை பிள்ளை குர்ஆன் வைக்கிற பலகையை மறந்துவிட்டாள். பாதி வழியில் நின்று, "மூத்தப்பா, றைஹால்!" என்றாள். நான் எடுத்துவர வீட்டுக்குத் திரும்பினேன். "அசையாம நில்லு மகள்" என்று சொல்லிவிட்டுத்தான் திரும்பினேன். ஆறு வயதுப் பிள்ளை. முந்தானை பறக்க எனக்குப் பின்னால் ஓடிவந்திருக்கிறாள்.

நான் சத்தம் கேட்டு வெளியே வரும்போது நாய் அவளுடைய கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டிருந்தது. நான் போய்ச் சேருமுன் கனகனின் வீட்டுக்குள்ளிருந்து விதுஷா ஓடிவந்தாள். ஈரத் தலையோடு, காலில் செருப்பும் இல்லாமல். ரெண்டு கையாலும் நாயின் கழுத்தைக் கட்டிப் பிடித்து இழுத்தாள். "விடு ஜிம்மி! விடடா!" என்று அழுதுகொண்டே இழுத்தாள். நாய் விட்டது.

"அப்பா கடலுக்கு... நான் மட்டும்தான்..." என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் அதைக் காதில் வாங்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

சுபைதா பிள்ளையைக் கிணற்றடியில் இருத்தினாள். வாளியில் தண்ணீர் அள்ளினாள். மாமரத்தடியில் ஒரு கை மண் எடுத்துக் கரைத்தாள். நாயின் வாய் பட்டால் ஏழு தரம் கழுவவேண்டும், ஒரு தரம் மண்ணால். அதுதான் அவளுக்குத் தெரிந்தது. எனக்கும் அதுதான் தெரிந்தது. பிள்ளை கத்தக் கத்த அவள் அழுதுகொண்டே கழுவினாள். நான் தண்ணீர் அள்ளிக் கொடுத்தேன்.

ஆசுபத்திரியில் காலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துப் பார்த்த தாதிப் பிள்ளை திடுக்கிட்டுப் போனாள்.

"காயத்துக்குள்ள என்ன உம்மா இது? மண்ணா?"

"நஜீஸ் மகள்... நாய்ட வாய்..."

அந்தப் பிள்ளையும் எங்கள் ஆள்தான். அவள் ஏசவில்லை. "சவுக்காரம் போட்டு நல்லா ஓடுற தண்ணியில கழுவியிருந்தாப் போதும் உம்மா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, மணலை ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கினாள். நாய் கடித்தபோது அழுததைவிட ஸைனப் அப்போதுதான் கூட அழுதாள். சுபைதா வெளியே போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு பள்ளிவாசல் மௌலவியிடம் கேட்டேன். "காயத்துக்கு முதல்ல மருந்து, காக்கா. மத்ததெல்லாம் மறுகா. பிள்ளைக்கு நோவு குடுக்கச் சொல்லி மார்க்கம் சொல்லல்ல" என்றார். காய்ந்த கையால் காய்ந்த நாயைத் தொட்டால் கழுவவும் வேண்டியதில்லை என்றும் சொன்னார். இவ்வளவு காலம் அவருக்குப் பின்னால் நின்று தொழுதிருக்கிறேன், இதை ஒரு நாளும் கேட்டதில்லை.

டொக்டர் அம்மா கேட்ட கேள்வி ஒன்றுதான்.

"நாய்க்கு ஊசி போட்டதா?"

"இல்ல" என்றேன்.

"சரி, பிள்ளைக்கு ஊசியத் தொடங்குவம். நாயக் கட்டி வெச்சு ரெண்டு கிழமை, பதினாலு நாள் பாருங்க. அது நல்லாத் திண்டு குடிச்சு இருந்தா விசர்நோய் இல்ல, பயமில்ல. ஆனா ஒருத்தரும் அடிச்சுக் கொல்லக் கூடாது. அது செத்தா, காணாமப் போனா, என்ன நடந்ததெண்டு எங்களுக்கும் தெரியாது."

நாய்க்குக் காவல்

நாங்கள் திரும்பி வரும்போது கனகனின் கடப்படியில் கம்புகளோடு ஒரு கூட்டம். முன்னால் நின்றது என் மருமகன் றிஸ்வான். நாய் உள்ளே அவர்களுடைய கிணற்றடி மூலைக்குள் ஒதுங்கியிருந்தது. அதற்கு முன்னால் விதுஷா கையை விரித்துக்கொண்டு நின்றாள்.

"மாமா, தள்ளுங்க" என்றார் றிஸ்வான்.

"அடிச்சிராத மகன். இந்த நாய் செத்தா உன்ட புள்ளைக்கு என்ன ஆகுமெண்டு டொக்டருக்கும் தெரியாது."

அவர் கையிலிருந்த கம்பு கீழே விழுந்தது. அப்படியே குந்திக்கொண்டார்.

"காக்கா நாய்க்கு வக்கீலா வந்திருக்காரு!" என்று பின்னாலிருந்து ஒருத்தன். யாரோ அவனை அதட்டினார்கள்.

கடற்கரையில் கேள்விப்பட்டு கனகன் ஓடிவந்தார். உப்புத் தண்ணீர் சொட்டுகிற சாரன். டொக்டர் சொன்னதை என்னிடம் கேட்டுவிட்டு நாயைக் கட்டினார். பிறகு எல்லோருக்கும் முன்னால் சொன்னார்: "அந்த ரெண்டு கிழமை முடியட்டும். நானே கொண்டுபோய் விடுறன். இனி இந்த ஒழுங்கையில நாய் இருக்காது."

அன்றிலிருந்து என் வேலை மாறியது. அதுவரை நாயிடமிருந்து வீட்டைக் காத்தேன். இப்போது வீட்டுக்காக நாயைக் காக்கவேண்டும். ஆத்திரத்தில் எவனாவது கல்லெறிந்தால், சோற்றில் எதையாவது போட்டால்? சுபஹு தொழுதுவிட்டு நேரே கனகனின் கடப்படிக்குப் போய் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொள்வேன்.

ஒழுங்கை முழுக்க நாயின் சுகம் விசாரித்தது. "காக்கா, திண்டுதா?" "தண்ணி குடிக்குதா?" சந்தையிலும் கேட்டார்கள். பெயரைக்கூட வாயால் சொல்லாத சுபைதா, மீன் தலை போட்டுச் சோறு அவித்துச் சிரட்டையில் தந்துவிடுவாள். திரும்பி வந்ததும், "இஞ்சாருங்க, ஜிம்மி முழுக்கத் திண்டிச்சா?" என்பாள். தொழுத பாயிலிருந்து அவள் கையேந்தி அழுததை ஒரு நாள் கேட்டேன். "யா அல்லாஹ், அந்த வாயில்லாத சீவனுக்கு ஹயாத்தக் குடு, சாக விட்டுடாத."

முதலில் சிரட்டையை நீளக் கம்பால் தள்ளினேன். பிறகு கம்பு குட்டையானது. பிறகு கம்பைக் கொண்டுபோகவில்லை. என்னைக் கண்டால் ஜிம்மி உறுமுவதில்லை. கடப்படியில் முன்னங்கால் ரெண்டையும் நீட்டி, அதன்மேல் தலையை வைத்துப் படுத்திருக்கும். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் இவ்வளவு நாளும் ஓதிவந்த ஆயத்தில் அந்த நாயும் இப்படித்தான், வாசலில் முன்னங்காலை நீட்டிக்கொண்டு, உள்ளே தூங்குகிறவர்களுக்காகப் படுத்திருக்கிறது.

ஒரு விடியலில் ரெண்டு பேர் வந்த ஒரு மோட்டார் சைக்கிள் ஒழுங்கை வாயில் வேகத்தைக் குறைத்தது. அறியாத முகங்கள். உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. விதுஷா பாடத்தைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள். ஜிம்மி சங்கிலியின் முழு நீளத்துக்கும் எழுந்து பாய்ந்தது. மோட்டார் சைக்கிள் போய்விட்டது. வாசிக்கிற சத்தம் ஒரு கணம் நின்று, மறுபடி தொடங்கியது.

ஆட்டோ

ரெண்டு கிழமையும் போனது. நாய் நல்ல சுகம். ஸைனப்பின் காயமும் ஆறி வந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

அடுத்த நாளே கனகன் ஆட்டோ கொண்டுவந்தார்.

"காக்கா, சொறிக்கல்முனையில என்ட அக்காட வளவு. அங்க கொண்டு விடப் போறன்."

சொல்லிவிட்டுப் போகாமல் நின்றார். ஒழுங்கை முழுக்க வெளியே வந்து நின்றது. அவர் கிட்ட வந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னார்.

"நான் கடலுக்குப் போனா பிள்ள தனிய, காக்கா. அதாலதான் அந்த நேரத்துல அவிழ்த்து விட்டுட்டுப் போறனான். பிள்ள தனிய எண்டு வெளிய சொல்ல ஏலுமா? நீங்களும் பொம்புளப் பிள்ள வளர்த்தனீங்க."

சுபைதா கேட்ட கேள்விக்கு அன்றுதான் பதில் கிடைத்தது. அந்தச் சங்கிலி ஏன் அந்த நேரத்தில் மட்டும் அவிழ்கிறது என்று.

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். என் வாயிலிருந்து ஒரு சொல் வரவேண்டுமென்று நின்றார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். றிஸ்வான் பார்த்துக்கொண்டு நின்றார். ஊர் நின்றது. ஸைனப்பின் காலில் கட்டு இன்னும் இருந்தது.

"அல்லாஹ் பார்த்துக்குவான் தம்பி" என்றேன்.

"ஓம் காக்கா" என்றார்.

ஜிம்மி தானாகவே ஆட்டோவில் ஏறியது. ஆட்டோ நகர்ந்தபோது கழுத்தை வெளியே நீட்டி வீட்டைப் பார்த்தது. வாய்க்கால் கட்டில் நின்ற வாப்பாவின் நாய் எனக்கு நினைவு வந்தது. இந்த முறையும் நான்தான் கிறுகிப் பார்த்தேன்.

நான் சொன்னது பொய்யில்லை. அல்லாஹ் பார்த்துக்கொள்வான். ஆனால் அவன் பார்த்துத்தானே எங்களை அந்த ஒழுங்கையில் குடிவைத்திருந்தான்.

குடை

அதிக நாள் போகவில்லை. கனகன் ரெண்டு மூன்று நாள் தொழிலுக்குப் போகாமல் இருந்து பார்த்தார். அது சரிவருமா? விதுஷாவையும் சொறிக்கல்முனைக்கு அனுப்பினார். பரீட்சை கிட்ட வந்த நேரத்தில் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் மாறியது. அவர் கடற்கரை வாடியில் படுத்துக்கொள்கிறார். சந்தையில் கண்டால் சிரிப்பார், "பேத்தி சுகமா காக்கா?" என்று கேட்பார். சுறா பற்றி இருவரும் கதைப்பதில்லை.

ஒரு நாள் ஆணத்துக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்த சுபைதா, துருவலை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "விடியக்க நான் சும்மாதானே குந்தியிருக்கன். அந்தப் புள்ளய இஞ்ச வந்திருந்து படி எண்டு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். நமக்கு ஏன் அது வாயில வரல்ல?"

ஒவ்வொரு தொழுகையிலும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இப்போது குடை ஆணியில் தொங்குகிறது. மழை பெய்தால்தான் எடுக்கிறேன். கனகனின் கடப்பை யாரோ கம்பியால் கட்டிவிட்டிருக்கிறார்கள். உள்ளே புல் வளர்கிறது. ஸைனப் இப்போது எனக்கு முன்னால் ஓடுகிறாள், முந்தானை பறக்கப் பறக்க. ஒருவரும் அவளைத் துரத்துவதில்லை.

அந்த இடத்துக்கு வரும்போது என் வாய் தானாகவே ஆயத்தைத் தொடங்கிவிடும். போன கிழமை பிள்ளை நின்று திரும்பிப் பார்த்தாள்.

"இப்ப ஏன் மூத்தப்பா ஓதுறீங்க? இஞ்ச நாய் இல்லையே."

"ஓம் மகள்" என்றேன். "ஆளும் இல்ல."